தள்ளுவதா, இழுப்பதா? - ஒரு லான் ரோலர் புராணம்

கனடாவில ஏப்ரல் மாசம் பனி உருகி முடிஞ்சதும் வீட்டுக்குப் பின்னாடி போய்ப் பார்த்தா, புல்தரை மேடும் பள்ளமுமா கிடக்கும். குளிர்காலத்துல மண்ணுக்குள்ள இருக்கிற தண்ணி ஐஸாகி வீங்கும், மண்ணைத் தூக்கிவிடும். பனி போனப்புறம் புல்லோட வேர் மண்ணைத் தொடாம அந்தரத்துல நிக்கும். அதை லேசா அமுக்கி மறுபடி மண்ணோட ஒட்ட வைக்கத்தான் லான் ரோலர்.

வாடகைக்குக் கிடைக்கும். அஞ்சு வருஷ வாடகையைக் கூட்டிப் பார்த்தேன். (பேங்க்காரன் புத்தி. போதாக்குறைக்கு பி.காம். வேற.) நாமே செஞ்சா என்னன்னு தோணிச்சு. தங்கமணி ஒரு பார்வை பார்த்தாங்க. அந்தப் பார்வைக்கு அர்த்தம் கல்யாணம் ஆனவங்களுக்குத் தெரியும் :-)

சாலையில பிறந்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் பெரிய வேலையான்னு ஒரு மிதப்பு. சாலைன்னா திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில ஆரம்பிச்சு கிள்ளிப்பாலம் வரைக்கும் போற கடைத்தெரு. 18-ம் நூற்றாண்டுக் கடைசியில திருவிதாங்கூர் திவானா இருந்த ராஜா கேசவதாஸ் உண்டாக்கின சந்தை. ஆ. மாதவன் அங்கேயே கடை வச்சுக்கிட்டு அந்தத் தெருவையே கதையா எழுதினார். பைப், டிரம், ஆணி, கயிறுன்னு கேட்டது கிடைக்கிற இடம். நம்மூர் மைதானங்கள்ல பழைய தார் டிரம்முக்குள்ள காங்கிரீட் ரொப்பி, நடுவுல ஒரு பைப்பைச் சொருகி ரோலர்னு உருட்டுவாங்களே, பார்த்திருப்பீங்க. அந்த நினைப்புலதான் இறங்கினேன்.

முதல்ல கணக்கு. 200 லிட்டர் டிரம்மில தண்ணி ரொப்பினா 200 கிலோ. காங்கிரீட் கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ, அப்போ அதே டிரம் 480 கிலோ. என்னால நகர்த்தவே முடியாது. அதனால காங்கிரீட் தூண் வார்க்கிற அட்டைக்குழாய் வாங்கினேன். 12 அங்குல விட்டம், 2 அடி நீளம். நாலு மூட்டை கலவை. நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல வரும், வீட்டுப் புல்லுக்கு அது தாராளம்.

முதல் தடவை வார்த்தப்போ நடு பைப் அரை அங்குலம் விலகிடுச்சு. உருட்டினா நொண்டிக்குதிரை மாதிரி ஏறி இறங்குது. அது இப்போ தோட்டத்துல ஸ்டூல். ரெண்டாவது தடவை மேலயும் கீழயும் மரச்சட்டம் குறுக்கா அடிச்சு, பைப்பை நடுவுல நிறுத்தி வார்த்தேன். அந்தப் பைப்புக்குள்ள சுத்துற மாதிரி இன்னொரு இரும்புக் கம்பிதான் அச்சு. ஒரு வாரம் ஈரத்துணி சுத்தி வச்சு, ஓரத்து விளிம்பைத் தேய்ச்சு மழுக்கினேன். விளிம்பு கூர்மையா இருந்தா திருப்புறப்போ புல்லை வெட்டிடும்.

வேலை முடிஞ்சு வீடியோவில அப்பாவுக்குக் காட்டினேன். நான் பெருமையா தள்ளிக்கிட்டுப் போறேன், அங்கேருந்து சத்தம்:

"தள்ளாதடே மக்கா, இழு! உங்க தாத்தா அதைத் தள்ளிப் பார்த்ததே இல்ல."

பக்கத்துல நின்ன பையன் கிரேடு 11. "ஆமாப்பா, எங்க பிசிக்ஸ்ல இது வருது"ன்னான். தள்ளுறப்போ நம்ம பலத்துல ஒரு பங்கு கீழ்நோக்கிப் போய் ரோலரோட எடையைக் கூட்டும். இழுக்கிறப்போ அதே பங்கு மேல்நோக்கித் தூக்கி எடையைக் குறைக்கும். அதான் இழுக்கிறது சுலபம். இந்தியாவிலயும் பிசிக்ஸ் படிச்சவங்க எல்லாரும் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதியிருப்பீங்க. அப்புறம் அவன் கேட்டான்: "கொள்ளுத்தாத்தா எதுக்கு ரோலர் இழுத்தார்?"

அதுக்கு என்கிட்ட சட்டுனு பதில் இல்லை. இந்தப் பதிவு அவனுக்காகத்தான்.

புல்தரை மோகம் இங்கிலாந்துப் பணக்காரங்க ஆரம்பிச்சது. புல்லை அரிவாளால வெட்டுவாங்க, கல்லு இல்லேன்னா வார்ப்பிரும்பு ரோலரால அமுக்குவாங்க. 1830-ல ஸ்ட்ரவுட் ஊர்க்காரர் எட்வின் பட்டிங், துணி மில்லில் கம்பளித் துணியோட பிசிறை வெட்டுற மெஷினைப் பார்த்துப் புல்வெட்டும் மெஷினுக்கு காப்புரிமை வாங்கினார். அப்புறம்தான் நடுத்தரக் குடும்பமும் புல்தரை வைக்க ஆரம்பிச்சது. 1874-ல வால்டர் விங்ஃபீல்ட் லான் டென்னிஸுக்கு காப்புரிமை வாங்கினார். டென்னிஸ், கிரிக்கெட் ரெண்டுக்கும் சமதரை வேணும், ரோலர் வேணும். பெரிய ரோலரைக் குதிரை இழுக்கும். குளம்பு புல்லைக் கிழிச்சிடக் கூடாதுன்னு குதிரைக்குத் தோல் பூட்ஸ் மாட்டுவாங்க! நிஜம்தாங்க.

வெள்ளைக்காரன் போன இடமெல்லாம் கிளப்பும் போச்சு. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846-லயே வந்தாச்சு. ரோடு ரோலர் கதையில ஒரு வேடிக்கை உண்டு. நீராவி ரோடு ரோலரை முதல்ல வடிவமைச்சவங்கள்ல ஒருத்தர் வில்லியம் கிளார்க், கல்கத்தா முனிசிபல் இன்ஜினியர். பாத்தோங்கிறவரோட சேர்ந்து 1863-ல செஞ்சார். ஆனா அத்தனை டன் மெஷினைப் புல்லுமேல ஏத்த முடியுமா? அதனால ரோட்டுக்கு நீராவி வந்தப்புறமும் புல்லுக்கு மனுஷன்தான்.

அந்த மனுஷங்கள்ல ஒருத்தர் எங்க தாத்தா. 1940-கள்ல நகரத்துல ஒரு கிளப்பில தோட்டவேலை. நாலு பேர் ஒரு ரோலர். தோள்ல கயிறு, வெறுங்கால். காலை வெயில் ஏறுறதுக்குள்ள டென்னிஸ் தரையைச் சமமாக்கிட்டு வெளியே போயிடணும். விளையாட வர்றவங்க கண்ணுல படக்கூடாது, தாகம் எடுத்தா வராந்தாவில ஏறக்கூடாது. திருவிதாங்கூர்ல கோவில் கதவை எல்லாருக்கும் திறந்த பிரகடனம் 1936 நவம்பர் 12-ல வந்தாச்சு. சாமிகிட்ட போகலாம், வராந்தாவுக்குப் போக முடியாது. மூணு வருஷம் இழுத்துட்டு, சாலைக்கு வந்து மூட்டை தூக்கினார். அதுல அப்பாவைப் படிக்க வச்சார், அப்பா என்னைப் படிக்க வச்சார்.

எனக்கு இதெல்லாம் அப்போ தெரியாது. 1988 ஜனவரி 25-ல யூனிவர்சிட்டி ஸ்டேடியத்துல இந்தியா - வெஸ்ட் இண்டீஸ் மேட்ச். எனக்கு எட்டு வயசு, தாத்தாவும் கூட வந்தார். ஸ்ரீகாந்த் 101 அடிச்சார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். (சிம்மன்ஸ் அவுட்டாகாம 104 அடிச்சு ஜெயிச்சுட்டுப் போனது வேற சோகம்.) தாத்தா எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்ன ரோலரையே பார்த்துக்கிட்டிருந்தார். "அது எத்தனை ஆளுடே இழுக்கும்?"னு கேட்டார். நான் காதுலயே வாங்கலை. அதுக்கப்புறம் அவர் கேட்கவும் இல்லை. ரெண்டு வருஷத்துல போயிட்டார்.

அவரோட வலது தோள்ல ஒரு தடிப்பு உண்டு. மூட்டை தூக்கினதுன்னு நினைச்சிருந்தேன். அது கயிறு இழுத்த தடம்னு அப்பா சொன்னது இந்த ஏப்ரல்லதான், அந்த வீடியோவில. "ஏன்ப்பா இத்தனை வருஷம் சொல்லலை?"ன்னேன். "நீ கேக்கலியே மக்கா"ன்னார். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசலை.

பையன்கிட்ட இதைச் சொன்னேன். ஒண்ணும் சொல்லலை. வந்து கைப்பிடியோட இன்னொரு பக்கத்தைப் பிடிச்சான். ரெண்டு பேருமா மிச்சத் தரையை இழுத்து முடிச்சோம். அப்பா போனை வைக்காம கடைசி வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தார். "இடது பக்கம் ஒரு நடை விட்டுப்போச்சு"ன்னு குத்தம் வேற.

டிஸ்கி: செய்யப் போறவங்களுக்கு. மண் சேறா இருக்கிறப்போ உருட்டாதீங்க, வறண்டு கிடக்கிறப்பவும் வேண்டாம். லேசான ஈரம் போதும். வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல வேண்டாம், மண் இறுகி வேருக்குக் காத்து போகாது. பெரிய மேடு ரோலருக்கு அடங்காது, மண்ணை வெட்டித்தான் சரி பண்ணணும். அப்புறம், தள்ளாதீங்க. இழுங்க.