சம்பளம் கிடையாது... ஆனாலும் எழுத ஆள் தேடும் 'கணியம்': யாரெல்லாம் எழுதலாம்?

'கணியம்' இதழ் 2012 ஜனவரியில் தொடங்கியது. லினக்ஸ் உள்ளிட்ட கட்டற்ற மென்பொருட்களைத் தமிழில் சொல்லித்தரும் இந்த இணைய இதழின் ஆசிரியர் த. சீனிவாசன். எழுதுபவர்கள் தன்னார்வலர்கள்.

யார் எழுதலாம்?

சென்னை ஐ.டி. நிறுவனத்தில் இருக்கணும்னு அவசியமில்லை. காரைக்குடி பக்கம் கல்லலில் இருந்துகொண்டே எழுதலாம். பெரிய நிபுணராகவும் இருக்க வேண்டாம். சொல்லப்போனால், போன மாசம் கத்துக்கிட்டவருக்குத்தான் எங்கே தடுமாறினோம் என்பது நல்லா ஞாபகம் இருக்கும். து. நித்யா இதில் எளிய தமிழில் எழுதிய மைஎஸ்கியூஎல் தொடர் பின்னர் மின்னூலாகவும் வந்தது.

எழுதும் முன் தெரிய வேண்டியது

கட்டுரைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாகின்றன. அதாவது, கல்லலில் டியூஷன் எடுப்பவர் உங்கள் கட்டுரையை ஜெராக்ஸ் போட்டுப் பிள்ளைகளுக்குத் தரலாம். ஒரு பதிப்பகம் புத்தகமாக அச்சடித்து விற்கவும் செய்யலாம். உங்களிடம் கேட்க வேண்டியதில்லை, பங்கும் தர வேண்டியதில்லை. எழுதியவர் பெயரைப் போட வேண்டும், அதே உரிமத்தில் பகிர வேண்டும், அவ்வளவுதான். பின்னாடி மனசு மாறினாலும் கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது.

மொழிபெயர்த்து அனுப்புபவர்கள் மூலக் கட்டுரையின் உரிமம் அதற்கு இடம் தருகிறதா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது.