இடம் மாறினாலும் வழி தவறாத ஆணைகள்

கணிப்பொறிக்கு நிரல் எழுதும்போது வர்க்கமூலம் காணும் முறையை நீங்களே எழுதுவதில்லை. யாரோ எழுதிச் சோதித்து வைத்த பகுதியை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறீர்கள். இந்த வசதி எவ்வாறு பிறந்தது?

1949 மே 6 அன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் கணிப்பொறி தன் முதல் நிரலை இயக்கி, வர்க்க எண்களின் அட்டவணையை அச்சிட்டது. பாதரசக் குழாய்களில் ஒலியலைகளாக எண்களைத் தேக்கி வைத்த அப்பொறிக்குக் கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும், பெருக்கத் தெரியும், வகுக்கத் தெரியாது! வகுத்தலைப் பல ஆணைகளாக எழுதித் தர வேண்டும். அதுவோ எளிதன்று. பொறியை அமைத்த குழுவின் தலைவர் மாரிஸ் வில்க்ஸ் எழுதிய 126 வரி நிரலிலேயே ஏறத்தாழ 20 பிழைகள் இருந்தன. எனவே, பிழை நீக்கிய பகுதிகளைச் சேமித்து வைத்து அனைவரும் பயன்படுத்துவது இன்றியமையாததாயிற்று.

ஆனால் ஒரு சிக்கல். நினைவகம் எண்ணிட்ட அறைகளைக் கொண்டது. 100ஆம் அறையில் தொடங்கும் ஒரு பகுதியில் '105ஆம் அறைக்குப் போ' என்ற ஆணை இருப்பதாகக் கொள்வோம். அப்பகுதியை 300ஆம் அறைக்கு மாற்றினால் என்ன ஆகும்? ஆணை பழைய இடத்துக்கே போகும், கணக்கு கெடும். எண்களைக் கையால் திருத்தினாலோ புதுப் பிழைகள் புகும்.

டேவிட் வீலர் என்ற ஆராய்ச்சி மாணவர் இதற்கு வழி கண்டார். 'தொடக்கத்திலிருந்து 5' என்று மட்டும் எழுதி, அதனுடன் ஒரு குறியெழுத்தைச் சேர்த்தால் போதும். காகித நாடாவைப் படிக்கும்போதே பொறி தொடக்க எண்ணைக் கூட்டிக்கொள்ளும். 5 என்பது 305 ஆகிவிடும். நாடாவைப் படிப்பது முதல் இந்தத் திருத்தம் வரை எல்லாவற்றையும் செய்து முடித்தவை 41 ஆணைகளே!

வேலை முடிந்தபின் அழைத்த இடத்துக்குத் திரும்ப வேண்டுமல்லவா? அழைக்கும் நிரல் தன் இடத்தைத் தெரிவித்துவிட்டுச் செல்லும். துணை நிரல் அதைக் கொண்டு, திரும்பும் ஆணையைத் தன் இறுதியில் தானே அமைத்துக்கொள்ளும். இதையும் வகுத்தவர் வீலரே.

1951க்குள் இத்தகைய துணை நிரல்கள் 87 சேர்ந்துவிட்டன. துளையிட்ட நாடாக்களாக அவை அலமாரியில் இருந்தன. வேண்டியதை எடுத்துப் படியெடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1952இல் கிரேஸ் ஹாப்பர் உருவாக்கிய ஏ-0, துணை நிரல்களைத் தேடிக் கோக்கும் வேலையையும் பொறியிடமே விட்டது.

இன்று ஒரே நிரல் நூலகத்தைப் பல நிரல்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொன்றிலும் அது வெவ்வேறு முகவரியில் அமரக்கூடும். அன்று தோன்றிய அதே கருத்துதான் அதற்கும் அடிப்படை. ஒருவர் ஒருமுறை பிழை நீக்கினால் ஆயிரம் பேருக்கு அந்த உழைப்பு மிச்சம். அவர் விட்டுவைத்த பிழையும் அந்த ஆயிரம் பேரையும் சென்றடையும் என்பதை மறவாதீர்கள்.