விபஸ்ஸனா தியானத்தில் வீரியச் சமநிலை

விபஸ்ஸனா என்னும் பௌத்தத் தியானத்தில் முயற்சியும் மன அமைதியும் ஒன்றையொன்று மிஞ்சாமல் பேணப்படுவதை வீரியச் சமநிலை என்பர். பாலி நூல்கள் இதை வீரியசமதா என்று குறிக்கின்றன. தொடக்க நிலையினருக்குச் சொல்லும் பொது அறிவுரையாக இதை எடுத்துக்கொள்வது வழக்கமாக இருந்தாலும், தேரவாத மரபில் இது பயிற்சியின் கடைசிப் படிவரை நீள்கிறது. ஒரு படியில் கைகொடுத்த ஊக்கமே அடுத்த படியில் தடையாகக்கூடும் என்பதுதான் இதன் சாரம்.

மூலக்கதை அங்குத்தர நிகாயத்தின் சோண சூத்திரத்திலும் வினய பிடகத்தின் மகாவக்கத்திலும் உள்ளது. செல்வக் குடியில் பிறந்த சோண கோளிவிசர் துறவு பூண்டு, இராசகிருகத்தை அடுத்த சீதவனத்தில் நடைத்தியானம் செய்தார். மண்ணில் நடந்து பழகாத பாதங்கள் வெடித்து, நடந்த தடமெல்லாம் இரத்தமானது. இத்தனை பாடுபட்டும் மனம் விடுபடவில்லையே, வீட்டுக்குத் திரும்பி இருக்கும் செல்வத்தைக் கொண்டு அறம் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அவரிடம் வந்த புத்தர், அவர் முன்பு வீணை வாசித்தவர் என்பதை நினைவூட்டினார். நரம்பை முறுக்கிக் கட்டினாலும் தொய்யவிட்டாலும் நாதம் எழாது. மிகுந்த முயற்சி மனத்தைக் கொந்தளிக்கச் செய்யும், குறைந்த முயற்சி சோம்பலில் ஆழ்த்தும் என்று விளக்கினார். பிக்குகள் செருப்பு அணிய இசைவு கிடைத்ததையும் வினயம் இந்நிகழ்ச்சியோடு சேர்த்தே சொல்கிறது. சோணர் பின்னர் முழு விடுதலை அடைந்த அரகந்தர் ஆனார். முயற்சியுடைய சீடர்களில் தலையானவர் என்று புத்தர் எடுத்துச் சொன்னவரும் அவரே. ஆகவே இக்கதையை முயற்சிக்கு எதிரான கதையாகப் படிப்பது பொருந்தாது.

சோம்பலுக்கான மருந்தும் அங்குத்தர நிகாயத்திலேயே உண்டு. தியானத்தில் உறங்கி விழுந்த சீடர் மொக்கல்லானருக்குப் புத்தர் பல வழிகளை வரிசையாகக் கூறுகிறார். கற்ற அறத்தை ஓதுவது, காதுமடலை இழுப்பது, முகம் கழுவி விண்மீன்களை அண்ணாந்து பார்ப்பது, எழுந்து நடப்பது ஆகியவை அவற்றுள் அடங்கும். எதுவும் பயன் தராவிட்டால் விழிக்கும் நேரத்தை மனத்தில் குறித்துக்கொண்டு படுத்துவிடலாம். ஓய்வும் பயிற்சிக்குள் இடம்பெறுவதை இங்கே காணலாம்.

இவற்றை நெறிமுறையாகத் தொகுத்தவர் புத்தகோசர். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் அவர் இயற்றிய விசுத்திமக்கம், ஐந்து இந்திரியங்களில், அதாவது மனத்தின் ஐந்து ஆற்றல்களில், நான்கை இரண்டு இணைகளாக்குகிறது: நம்பிக்கையும் ஞானமும் ஓர் இணை, வீரியமும் சமாதியும் மற்றோர் இணை. ஐந்தாவதான நினைவுடைமை எவ்வளவு இருந்தாலும் மிகையாகாது.

இந்தச் சமநிலை விபஸ்ஸனாவின் ஞானப் படிகள்தோறும் மாறுகிறது. தொடக்கத்தில் உடலையும் மனத்தையும் பிரித்தறியும் ஞானம், அவற்றின் காரணங்களை அறியும் ஞானம் ஆகியவற்றுக்கு வீரியம் கூடுதலாக வேண்டும். மனம் நழுவும், திரும்பக் கொண்டுவர வேண்டும், வேறு வழியில்லை. தோற்றமும் மறைவும் தெரியத் தொடங்கும் உதயவ்யய ஞானத்தின் வாசலில் நிலைமை மாறுகிறது. அங்கே பத்து உபக்கிலேசங்கள், அதாவது உள்நோக்கை மாசுபடுத்துபவை, எழும் என்கிறது விசுத்திமக்கம். ஒளி, ஞானம், பூரிப்பு, அமைதி, சுகம், உறுதி, முயற்சி, தெளிந்த நினைவு, சமநோக்கு, இவற்றின்மேல் எழும் நுண்ணிய பற்று என்பன அவை. முயற்சியும் அமைதியும் ஒரே பட்டியலில் நிற்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. அங்கே குறிக்கப்படும் முயற்சி தொய்வும் இறுக்கமும் இல்லாத, சரியாக அமைந்த முயற்சியே. தேடிவந்த சமநிலை கிடைத்துவிடுகிறது. கிடைத்ததும் அதையே விடுதலை மார்க்கம் என்று மயங்கி, பயிற்சியாளர் கவனிப்பதை விட்டுவிட்டு அதைச் சுவைக்கத் தொடங்குகிறார். இந்த இடத்தில் செய்யவேண்டியது, அந்த முயற்சியையும் தோன்றி மறையும் ஒன்றாகவே பார்ப்பது. ஞானப் படிகளைப் பற்றிய நூல்களில் இதைவிட நுட்பமான பகுதி அரிது.

அடுத்து வரும் பங்க ஞானத்தில் பொருள்களின் மறைவே முன்னிற்கும். பின்னர் அச்சம், வெறுப்பு, விடுபடும் வேட்கை ஆகியவை தொடரும். எந்த நிலையிலும் இருக்க முடியாமல் வீடு திரும்ப நினைக்கும் இக்கட்டத்தைப் பர்மிய ஆசிரியர்கள் 'பாய் சுருட்டும் ஞானம்' என்பர். இங்கே தேவைப்படுவது பொறுமையுள்ள வீரியம். சங்காரோபேக்கை என்னும் சமநோக்கு ஞானத்தில் முயற்சியைத் தனியே எழுப்ப வேண்டியதில்லை, கவனிப்பு தானே ஓடும் என்கிறது பர்மிய ஆசிரியர் மகாசி சயாடோவின் (1904–1982) மரபு. எப்போது மார்க்கம் கிட்டும் என்ற எதிர்பார்ப்பு நுழைந்தால் அந்நிலை சரியும்.

எதிர்பார்ப்போடு கூடிய மிகை முயற்சி தடையாகும் என்பதற்குப் புத்தரின் அணுக்கச் சீடர் ஆனந்தரின் வரலாறு சான்று. இராசகிருகத்தில் கூடவிருந்த முதல் பௌத்தப் பேரவையில் அரகந்தராகவே அமர வேண்டும் என்று அவர் இரவு முழுவதும் நடந்தார். வீரியம் மிகுந்துவிட்டதை உணர்ந்து படுக்கச் சாய்ந்தபோது, தலை தலையணையைத் தொடுமுன் விடுதலை கிட்டியது என்று உரைநூல்கள் கூறுகின்றன.

மகாசி முறையில் இந்தச் சமநிலை நாள் ஒழுங்கிலேயே அமைந்துள்ளது. வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிக்கும் அமர்தலும் நடையும் மாறி மாறி வரும். நடை வீரியத்தையும் அமர்தல் சமாதியையும் வளர்க்கும். மகாசி மரபில் வந்தவர்களிடையிலும் அழுத்தம் வேறுபடுகிறது. சயாடோ ஊ பண்டிதர் (1921–2016) வீரத்தோடு முயலுமாறு வலியுறுத்தினார். சயாடோ ஊ தேஜனிய தளர்வான, இடைவிடாத விழிப்பை முதன்மையாக்குகிறார். எந்த மையமானாலும் சரிசெய்தல் பெரும்பாலும் ஆசிரியருடன் நடக்கும் நேர்காணலில்தான் நிகழ்கிறது. தூங்கி வழிபவரை நடையைக் கூட்டச் சொல்வார், பதற்றமுள்ளவரை அமரச் சொல்வார், நிறைவடைந்தவராகத் தன்னைக் கருதுபவரை அந்த நிறைவையே கவனிக்கச் சொல்வார்.