யாழ்ப்பாணத்து மனைக் கைவினையும் அதன் பருவங்களும்

வில்லியம் பேர்குசன் என்பார் பனைமரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி 1850ஆம் ஆண்டிற் கொழும்பில் வெளியிட்டார். பனையின் பயன்கள் 801 எனக் கூறும் தாலவிலாசம் என்னும் தமிழ்ப் பாடலை அவர் அதன்கண் குறிப்பிடுகின்றார். அன்றுதொட்டுப் பனையைப் பற்றிப் பேசப் புகுவோர் பலரும் அவ்வெண்ணை மந்திரம்போல் உச்சரித்து வருகின்றனர். யானும் வகுப்பிற் பன்முறை உச்சரித்ததுண்டு. ஆயினும், அப்பயன்களை எவருடைய கைகள், ஆண்டின் எத்திங்களில், எப்பொருளை மிச்சம் பிடித்து ஆக்கின என்பதை எண் கூறுவதில்லை. வரலாற்று மாணவனுக்கு வேண்டுவது அதுவேயாகும்.

வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்த காலத்தில், ஒல்லாந்தர் தமது ஆட்சியில் யாழ்ப்பாணத்துப் பனைமரங்களைக் கடல் கடந்து ஏற்றியனுப்பிய செய்தியைக் கற்றேன். கப்பலேறிய மரத்துக்குக் கணக்கு உண்டு. திண்ணையில் இருந்து இழைத்த பெட்டிக்குக் கணக்கில்லை. மேலும், கல்லும் செம்பும்போல ஓலை நின்று சான்று பகர்வதன்று. கடகம் சில ஆண்டுகளில் இற்றுப்போம். நம் முன்னோர் எழுதிவைத்த சுவடிகளும் ஓலையே. அவை நூற்றாண்டுகளைக் கடந்து வந்தது ஓலையின் வலிமையினாலன்று. பழையது செல்லரிக்குமுன் ஒருவர் இருந்து புதிய ஏட்டிற் படியெடுத்தமையினாலாகும். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுட் படியெடுக்கப்படாதிருந்தவை மீளவேயில்லை. கடகத்தின் நிலையும் இதுவே என்பது எம் கருத்து. தாய் இழைப்பதைப் பார்த்து மகள் இழைக்கும் புதுக் கடகமே பழைய கடகத்தின் படி. ஒரு தலைமுறை கைவிடுமாயின் மூலமும் இல்லை, படியும் இல்லை.

இனி, இக்கைவினை நடந்த முறையைச் சற்றே நோக்குவாம். அதற்குக் கடிகாரம் இல்லை, பருவம் உண்டு. நுங்கு வெட்டுங் காலத்திற் குடித்தெறிந்த கோம்பைகள் இரண்டை ஒரு தடியிற் கோத்தால் சிறுவர்க்கு வண்டில். பாளை சீவுங் காலத்திற் கருப்பநீரைக் காய்ச்சி வார்ப்பதற்குக் குட்டான்கள் வேண்டும். ஆதலாற் பெண்கள் அதற்கு முன்னரே ஓலை வார்ந்து சிறு குட்டான்களைக் கோலி அடுக்கி வைப்பர். ஆடி, ஆவணித் திங்களிற் பனம்பழம் விழும். பழத்தைப் பிசைந்து எடுத்த களியைப் பரப்பிப் பனாட்டாகக் காயவைப்பதற்குப் பாய் வேண்டும். பிசைந்து கழித்த விதையும் வீணாவதில்லை. பாத்தியிற் புதைத்தால் தைப்பொங்கலை அண்டிக் கிழங்காகும். அக்கிழங்கைக் கிழித்து உலர்த்தினால் ஒடியல்; ஒடியலை இடித்துக் காய்ச்சினாற் கூழ்; அக்கூழை ஏந்துவதற்கு மீண்டும் ஓலையாலாய பிளா. ஆடி முதல் நாளிற் கூழ் குடிப்பதற்குப் பலாவிலையைக் கோலி ஈர்க்காற் குத்திக்கொள்வது வழக்கம். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாடலை அறியாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை அரிதாதலின் அதனை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. கார்த்திகை விளக்கீட்டுக்குப் பழந்துணியைக் கிழித்துத் தடிகளிற் சுற்றி எண்ணெயில் தோய்த்துப் பந்தமாக்கி வளவெங்கும் நடுவர். வாடைக்காற்று எழுந்ததும் பட்டம். அதற்குப் பூட்டும் விண்ணுக்குப் பனைநாரை மெல்லிதாகச் சீவுவர். இன்று வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று வானிற் பறப்பவை பெரும் பொருட்செலவிலான விந்தைகள். அவற்றின் முன்னோர் எம் போன்றோர் பழைய கடதாசியிற் சோற்றுப் பசையால் ஒட்டியவையே.

ஓர் ஓலையின் வாழ்நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தினின்று இறங்கியதும் அது கூரைக்கோ வேலிக்கோ செல்லும். கிளுவையும் பூவரசும் கதியாலாக நின்ற வேலியிலே ஓலை வரிந்து கட்டுவது ஊரெங்கும் நடைபெறும் வேலை. வெயிலும் மழையும் உண்டு உக்கிய பழைய ஓலையைக் கழற்றித் தோட்டத்திற் புதைப்பர். அது பயிருக்குப் பசளை. குருத்தை அடுத்த இளஞ்சார்வோலை பெட்டிக்கும் பாய்க்கும், மட்டையின் நார் கடகத்தைப் பொத்துதற்கு, பன்னாடை வடிகட்டுதற்கு, மிகுந்த மட்டை அடுப்புக்கு. பின்னாளில் மேல்நாட்டார் கழிவுப்பொருளை மீளப் பயன்படுத்தலைப் பெருங் கொள்கையாகப் பேசத் தொடங்கினர். எம் பாட்டிமாருக்கு அது கொள்கையன்று. எதனையும் எறியுமுன் ஒரு கணம் கையில் வைத்துப் பார்க்கும் பழக்கம். தாயின் பழஞ்சேலை ஏணையாகிப் பிள்ளையைத் தாலாட்டியதும், கிழிந்தபின் விளக்குத் திரியானதும் அப்பழக்கத்தினாலன்றோ?

இவ்விடத்து ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. இவ்வாழ்க்கையைப் பொற்காலம் எனப் பாடுவோர் உளர். அவரோடு யான் உடன்படேன். பெண்கள் இழைத்தமைக்குக் கூலி இல்லை, பெயரும் இல்லை. ஓலை வெட்டியவரும் கருப்பநீர் இறக்கியவரும் உயிரைப் பணயம் வைத்து மரமேறினர். ஆயினும் அவர்க்குக் கோயிற் கதவும் பள்ளிக்கூடக் கதவும் நெடுங்காலம் மூடியே கிடந்தன. 1968இல் மாவிட்டபுரத்திற் கோயில் நுழைவுப் போராட்டம் எழுந்தது அண்மைக்கால நிகழ்ச்சியே. அம்மக்களின் பிள்ளைகள் அத்தொழிலை வெறுத்து நீங்கினரெனில், அவர்மீது குறை கூற யாருக்கு உரிமை உண்டு?

1977ஆம் ஆண்டின்பின் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது. பிளாஸ்ரிக் வாளியும் நைலோன் பையும் சந்தையில் மலிந்தன. கடகமும் உமலும் பின்வாங்கின. 1978இற் பனை அபிவிருத்திச் சபை தோன்றிப் பனைப் பொருள்களுக்கு ஊக்கமளித்தது. ஆயினும் விற்பனைக்கு இழைக்கும் அழகுப் பெட்டி வேறு. பிட்டு அவிக்க இழைக்கும் நீற்றுப்பெட்டி வேறு.

1990ஆம் ஆண்டு ஆனியிற் போர் மீண்டும் மூண்டது. எனக்கு அப்போது பத்து வயது. மின்சாரம் அற்றது, பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் முதலியன தடைப்பட்டன அல்லது எட்டாவிலை ஏறின. அக்காலத்தில் வீடுகள்தோறும் தோன்றியதே ஜாம் போத்தல் விளக்கு. வெறும் போத்தலின் அடியிற் பஞ்சை இட்டு, அது நனையுமளவே மண்ணெண்ணெய் விட்டு, சிறு திரி செருகினால் ஓர் இரவுப் படிப்புக்கு ஒளி கிடைக்கும். காற்றுக்கு அணையாது, எண்ணெயும் சிந்தாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோவிற் பிறந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்டோம். மிதிப்பவர் களைத்தாற் செய்தியும் களைக்கும்! மோட்டார் வண்டிகள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின.

இவற்றை யார் கண்டுபிடித்தார் என வினவினால் விடை இல்லை. குட்டானை யார் கண்டுபிடித்தார் என்பதற்கும் விடை இல்லையே. போத்தலுக்கும் ஓலைக்கும் உறவு யாது எனச் சிலர் கேட்கலாம். பொருளில் உறவில்லை, கையில் உண்டு. எஞ்சியதை அளந்து பார்த்து, இது இன்னது ஆகும் என்று கண்டுகொள்ளும் கை ஒவ்வொரு பருவத்திலும் பழக்கப்பட்டிருந்தது. அக்கை அற்ற ஊரில் அத்தடை இன்னுங் கொடிதாயிருக்கும். ஆயினும் போத்தல் விளக்கை வீரச் சின்னமாக்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. மருந்தின்றி இறந்தோரை எந்தக் கைவினையும் காத்ததில்லை.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாம மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, அன்னையார் எடுத்த பொருள்களுள் ஒரு சுளகும் இருந்தது. உடன்வந்தோர் நகைத்தனர். பின்னர் ஒரு மாமரத்தின் கீழ்ப் பல குடும்பங்கள் அரிசி புடைத்தது அச்சுளகிலேதான்.

சென்ற ஆண்டு ஆடிப்பிறப்பிலே என் மாணவரிடம் பலாவிலையைக் கொடுத்துக் கோலச் சொன்னேன். பாடலை முழுவதும் ஒப்புவித்தனர். இலையைக் கோல அறிந்தவர் மிகச் சிலர். அந்த நாணத்தினால் மார்கழி விடுமுறையில் அயலூர் மூதாட்டி ஒருவரிடம் கொப்பியுங் கையுமாகச் சென்றேன். கடகத்தின் அடியை எத்தனை இழையில் தொடங்குவது என்று வினவினேன். அவர் சற்று யோசித்தார், விரல்களை மடித்து எண்ணினார், பின் தலையசைத்தார். “தம்பி, வாயாலை சொல்லத் தெரியேல்லை. ஓலையைத் தா, கை சொல்லும்” என்றார். வளவிற் சார்வோலை இருந்ததா என்றேன். மழைக்குள் வெட்டிய ஓலை காயாது, பூஞ்சணம் பிடிக்கும். தை பிறந்து வெயில் எறித்தபின் வா என்றார். வரும்போது மகளையும் கூட்டி வரச் சொன்னார்.