மனநோயாளியின் அருகில் இருப்பவர்



தஞ்சோங் ரம்புத்தான் என்ற பெயரைக் கேட்டதும் சிரிப்பவர்கள் நம்மிடையே உண்டு. குறும்பு செய்யும் பிள்ளையை அங்கே அனுப்பிவிடுவதாக அதட்டும் பெற்றோரும் உண்டு. பேராக் மாநிலத்தில் 1911-ஆம் ஆண்டு அங்குத் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை, இப்போது பஹாகியா மருத்துவமனை என்று வழங்குகிறது. பஹாகியா என்னும் மலாய்ச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்பது பொருள். ஆனால் நம் வீட்டார் ஒருவரை அத்தகைய இடத்திற்கு அனுப்ப நேரும்போது சிரிப்பு மறைந்து அச்சம் பிறக்கிறது. அடிப்பார்களோ, கட்டிப் போடுவார்களோ என்று மனம் கலங்குகிறது.

இந்த அச்சம் வீணானதன்று. ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் மனநோயாளிகளை இரும்புச் சங்கிலியால் பிணைத்தே வைத்திருந்தார்கள். அந்த நிலையை மாற்றியவர்களுள் ஒருவர், படித்துப் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். தோல் பதனிடும் தொழிலாளி.

அவர் பெயர் ஜான் பாப்திஸ்த் புசேன். பாரிஸ் நகரை அடுத்த பிசெத்ர் மருத்துவமனைக்குக் கண்டமாலை நோயோடு வந்தவர், குணமான பிறகு அங்கேயே வேலைக்கு அமர்ந்தார். பின்னர் மனநோயாளிகளின் பகுதிக்கே பொறுப்பாளரானார். மனைவி மார்கரீத்தும் அவருக்குத் துணைநின்றார். நோயாளிகளை அடிக்கக் கூடாது என்று பணியாளர்களுக்குக் கண்டிப்பாகக் கட்டளையிட்டார். நோய் தெளிந்தவர்களையே பணியாளர்களாகவும் சேர்த்துக்கொண்டார். 1797-ஆம் ஆண்டு அங்கே சங்கிலிகளை அகற்றினார். கட்டுப்பாடு முற்றும் ஒழிந்துவிடவில்லை. முரண்டு செய்பவர்களுக்குக் கைகளைப் பிணைக்கும் துணிச்சட்டை இருந்தது. 1793-இல் அங்கு வந்த மருத்துவர் பினெல், புசேனிடம் பலவற்றைக் கற்றார். ஆயினும் பிற்கால ஓவியங்கள் புகழைப் பினெலுக்கே சூட்டின.

சங்கிலி இருந்தவரை யாரும் சிந்திக்க வேண்டியதில்லை. அது போன பிறகு, இன்று இவர் எப்படி இருக்கிறார் என்று ஒவ்வொரு நாளும் ஒருவர் பார்த்து முடிவு செய்ய வேண்டியதாயிற்று. ஒரே நிரையில் நிற்கும் பால்மரங்களானாலும், ஒவ்வொன்றின் பட்டையையும் பார்த்துத்தானே கத்தியை வைக்கிறோம்! மனநலத் தாதியின் வேலையும் அத்தகையதே.

1952-ஆம் ஆண்டில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. பாரிஸில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோய்க்குப் பயன்படத் தொடங்கியது. அமெரிக்காவில் ஹில்டெகார்டு பெப்லா என்னும் தாதி, தாதிக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சைக்கு உதவும் கருவி என்று விளக்கி ஒரு நூல் எழுதினார். பதற்றத்திற்குப் படிகள் உண்டு என்றும் அவர் காட்டினார். சிறு பதற்றத்தில் மனிதன் விழிப்பாக இருப்பான். பதற்றம் உச்சத்தை எட்டினால் நீண்ட பேச்சு எதுவும் அவன் காதில் ஏறாது. அப்போது அமைதியான குரலில் ஓரிரு சொற்களே போதும்.

இன்று ஒரு நோயாளி இரவில் படுக்காமல் அங்குமிங்கும் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாதி என்ன செய்வார்? தூங்கினாரா, சாப்பிட்டாரா, யார் வந்து பார்த்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பார். காதில் குரல் கேட்கிறதா, அது எதையேனும் செய்யச் சொல்கிறதா என்று விசாரிப்பார். இன்னொன்றையும் கவனிப்பார்: சில மனநோய் மருந்துகளே உட்கார விடாத பரபரப்பை உண்டாக்கும். நோய் முற்றியது என்று தவறாக எண்ணி மருந்தைக் கூட்டினால் துன்பமே பெருகும். ஆகவே கண்டதை மருத்துவரிடம் சொல்வார். பேசிப் பார்ப்பது, அமைதியான இடத்திற்கு அழைத்துச் செல்வது என்று படிப்படியாகவே போவார். கட்டுவது கடைசி வழி.

நேயர்களே, இந்த முடிவுகளில் நமக்கும் பங்கு உண்டு. தாதி நோயாளியைச் சில நாள்களே பார்க்கிறார். நாம் ஆண்டுக்கணக்கில் பார்த்தவர்கள். மருந்தை நிறுத்தியது, குடித்தது, சாக வேண்டும் என்று சொன்னது ஆகியவற்றை மானத்திற்கு அஞ்சி மறைத்தால், தாதியின் கண்ணைக் கட்டியவர்கள் ஆவோம். சாவைப் பற்றி நோயாளியிடம் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பதும் தவறு. அன்போடு கேட்பது அவருக்கு ஆறுதலே.

சங்கிலியை அகற்றியது அருகிருந்து பார்த்த கண்கள்தாம். அந்தக் கண்களுக்கு நாம் அறிந்த உண்மையைச் சொல்வோம்.