சமையலறைக் கதவும் ரிப்போலினும்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு 'ரிப்போலினே' என்ற வினைச்சொல் நினைவிருக்கும். பளபளக்கும் எனாமல் பெயிண்ட் அடிப்பது என்று பொருள். ஒரு பெயிண்டின் பெயரே அகராதியில் ஏறிவிட்டது!

ரீப் என்ற டச்சு வேதியியலாளர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கியது ரிப்போலின். டப்பாவைத் திறந்து அப்படியே பூசலாம். பிரஷ் கோடு விழாது. பிசுக்குப் படிந்தால் கழுவலாம். சமையலறைக் கதவுக்கு வேறென்ன வேண்டும்? ஒருவர் முதுகில் ஒருவர் எழுதும் மூன்று பெயிண்டர்களை வவாசர் 1898-இல் விளம்பரமாக வரைந்தார். 1912-இல் பிக்காசோ அதே வீட்டுப் பெயிண்டைத் தம் ஓவியத்துக்கு எடுத்துக்கொண்டார். பின்னாளில் சண்டிகரை வடிவமைத்த லெ கொர்புசியே, வீட்டுச் சுவரெல்லாம் வெள்ளை ரிப்போலின் பூசவேண்டும் என்று 1925-இல் எழுதினார்.

இப்போது பிள்ளைகள் பழைய கதவைக் கழற்றி எறிந்துவிடலாம் என்கிறார்கள். இல்லாவிட்டால் ஸ்டிக்கர் ஒட்டலாம் என்கிறார்கள். அடுப்பின் ஆவிபட்டால் அதன் ஓரம் கிளம்பிவிடும். பலகை உளுக்காமலிருந்தால் சோப்புத் தண்ணீரில் பிசுக்கெடுத்து, காயவிட்டு, உப்புத்தாள் தேய்த்து, பிரைமரும் எனாமலும் அடித்தால் போதும். என் தாயார் காலத்துத் தேக்குக் கதவுகள் இதுவரை நான்கு நிறம் பார்த்துவிட்டன. மரம் அதேதான்.