அருவிப்புரம் பிரதிஷ்டை

அருவிப்புரம் பிரதிஷ்டை: திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில், நெய்யாற்றங்கரையிலுள்ள அருவிப்புரத்தில் 1888-ஆம் ஆண்டு சிவராத்திரி இரவில் ஸ்ரீ நாராயண குரு (1856–1928) சிவலிங்கம் நிறுவிய நிகழ்வு. கோயிலுக்குள் விடப்படாத ஈழவ மக்கள் தங்கள் வழிபாட்டையும் திருமண முறையையும் பழக்கவழக்கங்களையும் தாங்களே திருத்திக்கொள்ள முற்பட்டதற்கு இதுவே தொடக்கம்.

முன்வரலாறு

தலைவர் ஒருவரின் சொல்லைக் கேட்டு மக்கள் தங்கள் வாழ்முறையை மாற்றிக்கொண்டது தென் திருவிதாங்கூருக்குப் புதிதன்று. சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் (1809–1851) தம்மைப் பின்பற்றிய குடும்பங்களைக் கடலோரத்தில் வாகைப்பதியில் கூடித் தங்கவைத்தார். நாள்தோறும் குளிப்பதும், உடுத்ததைத் துவைப்பதும், புலால் நீக்கி உண்பதும் அங்கே நோன்பாயின. 'துவையல் தவசு' என்று அதற்குப் பெயர். குனிந்தே பழகியவர்களைத் தலைப்பாகை கட்டி வழிபட வைத்தவரும் அவரே. இலண்டன் மிஷன் பாதிரிமார்களும் இப்பகுதியில் பள்ளிகளைத் திறந்திருந்தனர். அருவிப்புரத்தைப் பற்றி எழுதுவோர் பலர் இந்த முன்னோடிகளைச் சொல்லாமலே கடந்துவிடுகின்றனர், அது முறையன்று. தென் திருவிதாங்கூரைக் கேரளம், தமிழகம் எனப் பிரித்து 1956-இல் வந்த மாநில எல்லை, வரலாற்று நூல்களையும் இரண்டாகப் பிரித்துவிட்டது போலும்.

செம்பழந்தியில் பிறந்த குரு, பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னதால் முதலில் நாணு ஆசான் எனப்பட்டார். யோகம் பயின்றது தைக்காடு அய்யாவு சுவாமிகள் என்ற தமிழரிடம். சட்டம்பி சுவாமிகள் அவருக்குத் தோழர். கன்னியாகுமரிக்கு அருகே மருத்துவாமலையில் தவமிருந்தபின் அருவிப்புரக் காட்டுக்கு வந்தார். தமிழிலும் பதிகங்கள் இயற்றியவர்.

நிகழ்வு

அங்கே பிரதிஷ்டை செய்துவைக்கும் தந்திரியும் இல்லை, சிற்பி செதுக்கிய சிலையும் இல்லை. சங்கரன் குழி என்னும் ஆற்றுக் கயத்தில் மூழ்கி எடுத்த கல்லைக் கையில் ஏந்தியபடி குரு நெடுநேரம் கண்ணீர் மல்க நின்றார் என்றும், பிறகு பாறைப் பீடத்தில் அதை வைத்தார் என்றும் வரலாறு எழுதியோர் கூறுவர். பிராமணரல்லாதார் சிவனை நிறுவலாமா என்று கேட்டவர்களுக்கு, தாம் நிறுவியது ஈழவச் சிவனையே என்று விடை சொன்னதாகச் செய்தி. சாதி வேற்றுமையும் மதப் பகையும் இன்றி எல்லாரும் உடன்பிறந்தாராய் வாழும் முன்மாதிரி இடம் இது என்ற பொருளில் அங்கே வாசகம் எழுதிவைக்கப்பட்டது.

மாற்றிய முறை

பழையதைக் கைவிடச் சொல்லுமுன் அதற்கு மாற்றைக் கையில் கொடுத்துவிடுவது குருவின் வழி. சிறுதெய்வங்களான மாடனுக்கும் சாத்தனுக்கும் கோழி அறுத்துக் கள் படைத்த இடங்களில் சிவனும் முருகனும் வந்தனர். மேல்சாதியாரைப் பார்த்து ஒழுகிய செயல் இது என்று சிலர் எழுதியுள்ளனர். பூசை செய்யும் உரிமையையே கையில் எடுத்த ஒருவருக்கு அந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது.

சிறுமியருக்குச் செய்யும் தாலிகெட்டுக் கல்யாணம், பூப்புச் சடங்கான திரண்டுகுளி, கருவுற்ற பெண்ணுக்குச் செய்யும் புளிகுடி முதலிய சடங்குகள் குடும்பங்களைக் கடனாளியாக்கின. அவற்றை நிறுத்தச் சொன்ன குரு, எளிய மணமுறை ஒன்றையும் வகுத்துக் கொடுத்தார். மணமக்கள், இருவரின் பெற்றோர், ஆளுக்கொரு தோழர், புரோகிதர், ஊர்ப் பெரியவர் ஒருவர் எனப் பத்துப் பேர் போதும் என்றார். கள்ளிறக்குவோரிடம் தொழிலை விடச் சொன்னபோதும் அப்படித்தான். பாளை சீவும் கத்தியை வெட்டினால் நான்கு சவரக்கத்தி ஆகும், அந்தத் தொழில் இதைவிட மேல் என்று கூறியதாகச் சீடர் வழிச் செய்தி உண்டு. சவரத் தொழிலை இழிவாக எண்ணிய காலத்தில் இப்படிச் சொல்லத் துணிவு வேண்டும். பின்னாளில் மது நஞ்சு, அதைச் செய்யவும் கொடுக்கவும் குடிக்கவும் கூடாது என வெளிப்படையாகவே அறிவித்தார்.

கோயிலோடும் அவர் நிற்கவில்லை. இனி முதன்மையான கோயில் பள்ளிக்கூடமே என்று 1917-இல் கூறினார். 1927-இல் களவங்கோட்டில் சிலைக்குப் பதில் கண்ணாடியை நிறுவினார்.

அமைப்பு

அருவிப்புரம் கோயிலை நடத்த ஏற்பட்ட சிறு குழுவே டாக்டர் பல்ப்புவின் முயற்சியால் 1903-இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாக விரிந்தது. கவிஞர் குமாரன் ஆசான் அதன் முதல் செயலாளர். யோகத்தில் சாதிப் பெருமை வளர்வதைக் கண்ட குரு, 1916-இல் பல்ப்புவுக்குக் கடிதம் எழுதி அதனோடு தொடர்பை முறித்துக்கொண்டார். தமக்குச் சாதி இல்லை என்று அறிவித்ததும் அதே ஆண்டில்தான்.

அருவிப்புரத்தில் சிவராத்திரி விழா ஆண்டுதோறும் நடைபெறுகிறது. குரு விலகிய யோகம், இன்று கேரளத்தின் பெரிய சாதி அமைப்புகளுள் ஒன்று.